ஒன்றுமில்லை என்ற படம்

கீரப்பாளையம்
3.11.2008

அன்புள்ள மாமாவுக்கு,

இசைவாணி எழுதுவது. கட்டின புருஷனுக்குக் கடிதம் எதற்கு, போனில் பேசக்கூடாதா என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் இருப்பது அப்பாவின் செல்போன் ஒன்றுதான். அதை நான் காதில் வைத்த உடனே அப்பா, அம்மா, தம்பி செம்பியன் மூன்று பேரும் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என் வாயையே பார்க்கிறார்கள். நான் சொல்ல வேண்டியதை அப்படிச் சொல்ல முடியாது.

நேற்று நீங்களும் அத்தையும் கடலூரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள். அறைக்குள் வரவில்லை. நிலைப்படியிலேயே நாற்காலி போடச் சொன்னீர்கள். கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "பாப்பா நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்டீர்கள். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டீர்கள்.

அந்த நாற்றம் உங்களுக்கு நிலைப்படி வரைக்கும்தான். எனக்கு அதற்குள்ளேயே படுக்கை. சாயங்காலம் ஆனால் குளிர் தூக்கிப் போடுகிறது. இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் அடங்குவதில்லை. அடிவயிற்றில் தையலுக்கு உள்ளே எதுவோ இழுத்துப் பிடிக்கிறது. வருவது ரத்தம் இல்லை மாமா. மீன் கழுவின தண்ணீரை மூடி வைத்துத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அந்த நாற்றம் பிள்ளை மேலும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அருவருப்பாக இருக்கிறது. என் உடம்பை நினைத்து நானே முகம் சுளிக்கிறேன்.

அம்மா பால் காய்ச்சல் என்கிறார். பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் முதலில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் விடவில்லை என்று திரும்பப் போனதும், வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். வியாழக்கிழமை அம்மா என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போகிறார். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

இப்படிக்கு,
இசைவாணி

கடலூர்
9.11.2008

அன்புள்ள வாணிக்கு,

கதிரவன் எழுதுவது. காலாண்டுத் தேர்வில் தோற்ற பையன்களுக்குச் சிறப்பு வகுப்பு வைத்திருக்கிறோம். அதனால் வர முடியவில்லை. உன் அப்பா போன் செய்து ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறதாம். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது.

ஆனால் பாரம் இறங்கியதும் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை. நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் கழுவின தண்ணீர் என்றெல்லாம் ஒரு பெண் தன் கணவனுக்கு எழுதலாமா? நான் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன், மீன் நாற்றம் எனக்குப் புதிதில்லை. அன்றைக்கு உன் அறையில் இருந்தது வேறு. எனக்குக் குமட்டியது. அங்கேயே வாந்தி எடுத்து உன் அம்மாவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் கர்ச்சீப்பை எடுத்தேன்.

பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற தீட்டுதான் இது என்று என் அம்மா சொல்கிறார். "ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. பொங்கல் வரைக்கும் ஆத்தா ஊட்ல ஒக்காந்துகிட்டு இருக்கலாம்னு பாக்குறா" என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் படம் பொய் சொல்லாது. பிள்ளைகளுக்கு ஒலி அலைகள் பாடம் எடுக்கிறவன் நான். அந்த ஸ்கேனும் ஒலி அலையில்தான் வேலை செய்கிறது. அதற்கு உன்மேல் கோபமும் இல்லை, என்மேல் பிரியமும் இல்லை. உள்ளே இருந்தால் காட்டும், இல்லாவிட்டால் காட்டாது.

30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கும் விழா. தலைமையாசிரியரையும் அழைத்துவிட்டேன். மனதைத் தைரியமாக வைத்துக்கொண்டு கிளம்பி வா.

அன்புடன்,
கதிரவன்

கீரப்பாளையம்
14.11.2008

மாமாவுக்கு,

படம் எப்படி எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒலி அலை வாத்தியாருக்கு அது தோன்றவில்லை. நானே சொல்கிறேன்.

முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வர வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற கர்ப்பப்பை சரியாகத் தெரியும் என்று. அம்மா காதிலும் விழுந்தது. ஆனால் பிள்ளை பெற்ற நாளிலிருந்து எனக்கு இந்த வீட்டில் தண்ணீர் கிடையாது. சோம்பு போட்டுச் சுட வைத்தது காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். "அறுத்த வயித்துல தண்ணி போனா சீழ் புடிச்சுக்கும். நான் மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?" என்பார் அம்மா. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். பிள்ளை அழுதால் நானும் அழுகிறேன், கண்ணீர் வருவதில்லை. வரத் தண்ணீர் வேண்டுமே.

ஸ்கேனுக்குப் போன அன்றும் அதே ஒரு டம்ளர்தான். அங்கிருந்த பெண் என்னைக் கேட்டாள், "தண்ணி குடிச்சீங்களா, முட்டிகிட்டு வருதா?" என்று. அம்மா முந்திக்கொண்டு, "வயிறு ரொம்பக் குடிச்சிருக்கா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் படுத்துக்கொண்டே சொன்னேன், "இல்லக்கா, ஒரு டம்ளர்தான்" என்று. அந்தப் பெண் உள்ளே இருந்தவரைப் பார்த்தாள். அவர், "சரி சரி, இருக்கறத வெச்சுப் பாத்துடலாம், வெளிய கூட்டம் நிக்குது" என்று சொல்லிவிட்டுக் களிம்பைத் தடவினார். வலிக்கிற இடத்தில் அழுத்தினார். நான் கத்தினேன். "வயித்துல கேஸ் ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் நீங்கள் பொய் சொல்லாது என்கிறீர்கள்.

அது முதல் இந்த வீட்டில் நான் முனகக்கூட முடியவில்லை. முனகினால் அம்மா அலமாரியில் இருந்து அந்தக் கவரை எடுத்து அப்பாவிடம் காட்டுகிறார். "ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்று. எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். யாரும் தொடுவதில்லை. தொட்டால் தீட்டு. என் துணியை அம்மா ஒரு குச்சியால் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் நனைக்கிறார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அந்தத் துணியை ஒரு தடவை நேராகப் பார்த்திருந்தால் பால் காய்ச்சல் என்ற வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது.

எனக்கு இவர்கள் எல்லாரையும் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது மாமா. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அம்மாவுக்குப் போன் போட்டு, "அவளுக்குத் தண்ணி குடுத்து இன்னொரு தடவ ஸ்கேன் எடுங்க" என்று சொல்லுங்கள். நான் சொன்னால் சுரத்தில் உளறுகிறேன் என்கிறார். மாப்பிள்ளை வாத்தியார் சொன்னால் மறுபேச்சு இருக்காது. ஒரு நிமிட வேலை. என்னால் உட்காரவே முடியவில்லை, பேர் வைக்கிற விழாவுக்கு வருவது எங்கே?

இசைவாணி

கடலூர்
19.11.2008

இசைவாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெற்ற தாயைப் பற்றியும் கட்டிய கணவனைப் பற்றியும் நீ எழுதியிருப்பதை இன்னொருவர் படித்தால் என்ன நினைப்பார்கள்? படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

தண்ணீர் விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். "பச்ச ஒடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதிப் போயிடும்டா" என்றுதான் அவரும் சொல்கிறார். இரண்டு வீட்டுத் தாய்மார்களும் ஒரே மாதிரி சொல்லும்போது, பிள்ளை பெறாத நான் போன் போட்டு என்ன சொல்ல முடியும்? உன் அம்மாவிடம் பிரசவத்தைப் பற்றிப் பேச எனக்கும் கூச்சம் இருக்கும் அல்லவா?

விழாவைத் தள்ளிப்போட முடியாது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. உன்னால் வரவே முடியாது என்றால் பிள்ளையையாவது உன் அம்மாவோடு அனுப்பி வை. ஒரு நாள் பசும்பால் கொடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார்.

கதிரவன்

சிதம்பரம், பெரிய ஆஸ்பத்திரி
25.11.2008

கதிரவன் அவர்களுக்கு,

படுத்துக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். செம்பியன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கோபத்தை வைத்துவிட்டு இதை மட்டும் படியுங்கள்.

நேற்று அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது எழுந்து போய்ப் பம்பில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். செம்பியன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். பஸ் ஏறிச் சிதம்பரத்தில் வந்து இறங்கினோம். இங்கே இருக்கிற டாக்டரம்மாவிடம் தம்பி அந்தப் பழைய ரிப்போர்ட்டை நீட்டினான். அவர் அதை வாங்கவே இல்லை. திரையை விலக்கினதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இத எதுக்குப்பா நீட்டுற, ஒங்க வூட்ல யாருக்கும் மூக்கு இல்லயா?" என்று கேட்டார்.

அவர் என் அருகில் வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. நெற்றியில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஏதோ தேங்கியிருப்பது தெரிந்தது. இன்று காலை கையில் மருந்து ஏற்றி, பெரிய வளையம் போன்ற சி.டி. மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அறுத்துத் தைத்த இடம் உள்ளே அழுகிப் பிரிந்திருக்கிறதாம். சீழ் நிறைய சேர்ந்திருக்கிறதாம். அந்த மருந்தால் பிள்ளைக்கு ஒரு நாள் பால் கொடுக்க வேண்டாம் என்றார்கள். பக்கத்துக் கட்டில் சவரியம்மாள் அக்கா தன் பிள்ளையோடு சேர்த்து என் பிள்ளைக்கும் பால் கொடுக்கிறார்.

நாளைக்கே வயிற்றைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். சீழை எடுத்துவிட்டால் கர்ப்பப்பையைக் காப்பாற்றப் பார்ப்போம், தள்ளிப்போட்டால் உயிருக்கே சொல்ல முடியாது என்கிறார்கள். புருஷன் கையெழுத்து வேண்டுமாம். இதைப் படித்த உடனே செம்பியனோடு கிளம்பி வாருங்கள்.

இசைவாணி

கடலூர்
7.12.2008

அன்புள்ள வாணிக்கு,

மூன்று தடவை வார்டு வாசலில் வந்து நின்றேன். நீ பார்க்க விரும்பவில்லை என்று உன் அம்மா வந்து சொன்னார். அதனால் எழுதுகிறேன். என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும்.

செம்பியன் சொன்ன அன்றே நான் வந்தேன். தாமதிக்கவில்லை. டாக்டரம்மா சி.டி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பும் சாம்பலுமாக இருந்தது. "இதான் சீழு, இதான் பிரிஞ்சுபோன தையல்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிலைமையைப் பொறுத்துக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியும் வரலாம், அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். இருபத்தாறு வயதுப் பெண். ஒரே ஒரு பெண் குழந்தை. யாராக இருந்தாலும் யோசிக்க மாட்டார்களா? முதல் படம் ஒன்றும் இல்லை என்றது, அடுத்த படம் எல்லாமே அழுகிவிட்டது என்கிறது. ஒரு படம் தவறாக இருக்குமென்றால் இன்னொரு படமும் தவறாக இருக்கலாம். இதுதான் அறிவியல் மனப்பான்மை. அதனால்தான், கடலூரில் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மழை அப்படிப் பிடித்துக்கொள்ளும், ரோடு முழுக்க வெள்ளம் நிற்கும், பஸ்ஸே ஓடாது என்று யாருக்குத் தெரியும்? கடலூரிலேயே இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். அதற்கும் நான்தான் காரணமா? நான் திரும்பி வருவதற்குள், இனியும் காத்திருக்க முடியாது என்று உன் கையெழுத்தையே வாங்கிக்கொண்டு ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். "இவ்வளவு நேரம் காத்துகிட்டு இருந்திருக்கக் கூடாது. முன்னாடியே தொறந்திருந்தா கர்ப்பப்பைய விட்டுவெச்சிருக்கலாம்" என்று டாக்டரம்மா எல்லாருக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு ஆசிரியரிடம் பேசுகிற முறையா அது?

நடந்தது நடந்துவிட்டது. பேர் வைக்கும் விழா மழையால் நின்றுபோனது ஒரு வகையில் நல்லதுதான். ஒரு விஷயம் மட்டும் கவனமாக இரு. கர்ப்பப்பையை எடுத்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சீழ் எடுத்தார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நான் ஒரே மகன். அம்மா தாங்க மாட்டார். நீயும் சொல்லாதே, உன் வீட்டாரையும் சொல்ல விடாதே. அடுத்த குழந்தை ஏன் இல்லை என்று கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். தை பிறந்ததும் வந்துவிடு. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கதிரவன்

கீரப்பாளையம்
14.12.2008

கதிரவன் அவர்களுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. காய்ச்சல் நின்றுவிட்டது, நாற்றமும் நின்றுவிட்டது. அம்மா இப்போது தண்ணீர்ச் சொம்பைக் கட்டிலுக்கு அடியிலேயே வைக்கிறார். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவரை எதுவும் சொல்லித் தேற்ற எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அவர் தெரியாமல் செய்தார். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் தண்ணீரைத் தடுத்தார்.

உங்கள் அறிவியல் மனப்பான்மையைப் பற்றி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நிறைய யோசித்தேன். ஒன்றும் இல்லை என்ற படத்தை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அப்பா போனில் படித்துக் காட்டியதைக் கேட்டே நம்பிவிட்டீர்கள். அப்போது இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள் என்று நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கூச்சமாக இருக்கிறது என்றீர்கள். சீழ் இருக்கிறது என்ற படத்தைக் கையில் பிடித்துப் பார்த்தீர்கள். அப்போதுதான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. நான் செத்துப்போகலாம் என்று எழுதியபோது வராத சந்தேகம், உங்களுக்கு இனி பிள்ளை பிறக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது வந்தது. அந்தப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் மழையில் இறங்கிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வயிற்றில் இருந்த அழுகலை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். உங்களை நினைத்தால் வருகிற குமட்டலுக்கு அவர்களிடம் மருந்து இல்லை.

அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அத்தை வந்துவிட்டுப் போய்விட்டார். உங்களுக்குச் சொல்லாமல், தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அமராவதி என்று ஒரு அம்மா உன்னைத் தேடுகிறார் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்ததும் பிள்ளையைத் தூக்கவில்லை. என் சேலையை விலக்கித் தையலைப் பார்த்தார். வயிற்றில் இருந்து தொங்கிய குழாயையும், அதன் நுனியில் கட்டியிருந்த பையில் இறங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பையை அவரே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

அப்புறம், "மறைக்காம சொல்லு, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எடுத்துவிட்டார்கள் என்றேன். நீங்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு போன கதையையும் சொன்னேன். அவர் அழுதுவிட்டு, எல்லாம் சரியாகிவிடும் வீட்டுக்கு வா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நானும் அதைக் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் சொன்னது வேறு. அவர் வாய்ப்படியே எழுதுகிறேன்.

"நீ எங்க வூட்டுக்கு வராதம்மா. இன்னிக்கி ஒன்னப் பாத்தா வவுறு எரியுது, அதனால நல்லாப் பேசுறேன். ரெண்டு வருசம் போனா, ஆம்பளப் புள்ள இல்லன்னு நானே ஒன்னக் கொத்திக் கொத்தி எடுப்பேன். எவளாவது ஒருத்தியக் கொண்டாந்து அவன் தலையில கட்டவும் பாப்பேன். அவனும் வேணாம்னு சொல்ல மாட்டான். என் வாயும் எனக்குத் தெரியும், என் புள்ளையும் எனக்குத் தெரியும். வராத."

சொல்லிவிட்டுப் பிள்ளையை ஒரு தடவை தூக்கி முத்தம் கொடுத்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டில் இருந்து எனக்கு உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் பேச்சைத் தட்டப் போவதில்லை. தை மாதம் நீங்கள் வர வேண்டாம்.

இசைவாணி